அஞ்சாத அப்பரும் அஞ்சினார்

அச்சம் அறியாத உயிர் உலகில் இல்லை. முட்டையை உடைத்து வெளிவந்து இரண்டு நாளும் ஆகாத கோழிக்குஞ்சு, பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்த அக்கணமே தாயின் சிறகை நோக்கி ஓடுகின்றது. அதற்கு எவரும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. உயிரைக் காக்கும்பொருட்டு இயற்கை வைத்த காவலாளியே அச்சம். நெருப்பைக் கண்டதும் கை பின்வாங்குவதும், இருட்டிலே கால் தயங்குவதும் அக்காவலாளியின் தொழிலாம். ஆகவே, எல்லா அச்சமும் இழுக்கென்று கொள்ளுதல் பொருந்தாது. வள்ளுவர் பெருமானும் அச்சம் முழுவதையும் இகழ்ந்தாரல்லர். அறிவோடு கூடிய அச்சத்தை அவர் போற்றவே செய்தார்.

ஆயின், வாயிலில் நிற்க வேண்டிய காவலாளி வீட்டினுள்ளே புகுந்து தலைவனாகிவிட்டால் அவ்வீட்டின் நிலை என்னாகும்? நம்மிற் பலருடைய உள்ளத்தில் இன்று நிகழ்ந்திருப்பது அதுவே. நள்ளிரவில் தொலைபேசி மணி ஒலித்தால் நெஞ்சு திடுக்கிடுகின்றது. தூரதேசத்தில் இருக்கும் மகனிடமிருந்து இரண்டு நாள் செய்தி வாராவிடில் தாய்க்கு உணவு இறங்குவதில்லை. வைத்தியசாலையிலிருந்து இரத்தப் பரிசோதனையின் முடிவு வருமுன்னரே நோயாளி நோயினாற் பாதியும் அச்சத்தினாற் பாதியுமாக வாடிவிடுகின்றார். வந்த துன்பத்தை ஒருமுறை அனுபவிக்கின்றோம். வாராத துன்பத்தையோ நூறுமுறை அனுபவிக்கின்றோம்.

இவ்வச்சத்தை வெல்லும் வழி யாது? கடவுளை நம்பினால் பயம் போய்விடும் என்று பெரியோர் சொல்வர். சொல்வது எளிது. நம்பு என்ற மாத்திரத்தில் நம்பிக்கை வந்துவிடுமா? நம்பினவர்க்கு அச்சமே வருவதில்லையா? வருமாயின், அவருடைய நம்பிக்கை பொய்யென்று ஆகுமா? இவ்வினாக்களுக்கு விடை நம் சமய வரலாற்றிலே, ஓர் அடியாருடைய வாழ்க்கையிலே, தெளிவாகக் கிடைக்கின்றது. அவர் திருநாவுக்கரசு நாயனார்.

திருவாமூரில் ஒரு வீடு

அப்பர் சுவாமிகள் என்றவுடன் அஞ்சாமையே நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால் அவ்வஞ்சாமை அவருடைய பிறவிச் சொத்தன்று. 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தைப் பொறுமையோடு படிப்பார்க்கு இவ்வுண்மை விளங்கும்.

கி.பி. 7 ஆம் நூற்றாண்டிலே, திருமுனைப்பாடி நாட்டிலுள்ள திருவாமூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் இரண்டு மக்கள். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். தந்தையார் இறந்தார், அவரைத் தொடர்ந்து தாயாரும் உயிர் நீத்தார். திலகவதியாரை மணம் செய்தற்கு இசைந்திருந்த கலிப்பகையார் என்னும் படைத்தலைவர், வடநாட்டுப் போர்க்களத்தில் மடிந்தார். அச்செய்தி கேட்ட திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்போது தம்பியார் தமக்கையாரின் பாதங்களில் விழுந்து, இனித் தமக்குத் தாயும் தந்தையும் அவரே என்றும், அவர் போவாராயின் அவருக்கு முன்னே தாம் போவது உறுதி என்றும் சொல்லி அழுதார். அவ்வழுகையின் பொருட்டு அந்த அம்மையார் தம் உயிரைத் தாங்கிக்கொண்டார்.

தந்தை இல்லை, தாய் இல்லை, வரவேண்டிய மணாளன் போரில் மாண்டான், எஞ்சியவர் ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும். 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நம் நாட்டிலே இத்தகைய வீடுகள் எத்தனை! பெரியபுராணத்து அவ்வீடு நமக்கு அந்நியமான வீடன்று. இறையடியார் குடும்பம் என்பதற்காகத் துன்பம் அவ்வாயிலைக் கடந்து போய்விடவில்லை. இதனை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பின்னர் மருணீக்கியார் உலகின் நிலையாமையை எண்ணிச் சமண சமயத்தைச் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு அங்கே தலைமையும் பெற்றார். திலகவதியாரோ திருவதிகை வீரட்டானத்திலே, நாள்தோறும் விடியுமுன் எழுந்து, திருவலகு கொண்டு கோயிலைப் பெருக்கியும், மெழுகியும், மலர் பறித்து மாலை கட்டியும் தொண்டு செய்து வந்தார். தம்பியாரைச் சூலைநோய் பற்றியது. மருந்தும் மந்திரமும் பயன்படவில்லை. தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார். தாம் அங்கு வருவதற்கில்லை என்று அம்மையார் விடை கூறிவிட்டார். அதன்மேல், நோயின் கொடுமை தாங்காது, இருளோடு இருளாக நடந்து தமக்கையாரின் இருப்பிடத்தை அடைந்தார் தம்பியார்.

அவ்விரவிலே திலகவதியார் செய்தது யாது? விட்டுப் போனவனே என்று கடியவில்லை; தத்துவ வாதமும் நிகழ்த்தவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். வைகறை வந்ததும், வழமைபோல் திருவலகையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். தாம் நாள்தோறும் நடந்து பழகிய பாதையிலேயே அவரை நடத்திச் சென்றார். அங்கே பிறந்ததே அப்பர் பெருமானின் முதற் பதிகம். அங்கே தீர்ந்தது சூலை.

இறைவனுடைய சந்நிதியை நாடுதல் என்பது, ஆபத்து வந்த அன்றைக்கு மாத்திரம் தேடிக் கண்டுபிடிக்கும் புதிய வழியன்று. திலகவதியார் அப்பாதையை ஒவ்வொரு நாளும் நடந்து வைத்திருந்தார். அதனாலேதான், தம்பி தடுமாறி வந்த இரவில் அவர் வழி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

நீற்றறையிற் பிறந்த பாடல்

இதன் பின்னரே அஞ்சாமை. சமண சமயத்தைச் சார்ந்திருந்த பல்லவ மன்னன் அழைத்துவர ஆள் அனுப்பியபோது, தாம் இறைவனுக்கன்றி வேறெவர்க்கும் அடங்கியவரல்லர் என்னும் கருத்தமைந்த பதிகத்தால் விடையளித்தார் நாவுக்கரசர். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. அரசன் ஆணைப்படி அவரைக் கொதிக்கும் நீற்றறையில் 7 நாள் அடைத்து வைத்தார்கள். நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டினார்கள். மத யானையை ஏவினார்கள். ஈற்றிலே கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தார்கள். கல்லே தெப்பமாக, இன்றைய கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரிலே அவர் கரையேறினார் என்பது புராணம்.

நீற்றறையில் இருந்தபடி அவர் பாடிய பாடலை நம் பிள்ளைகள் சிறு வகுப்பிலேயே மனனம் செய்கிறார்கள். ஒப்புவிக்கும் அவசரத்திலே ஒரு சிறப்பைக் கவனிக்கத் தவறிவிடுகின்றோம். அப்பாடலில் நெருப்பைக் குறிக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. சுடுகின்றது என்ற முறையீடில்லை, அடைத்தவர்மேல் வசையில்லை, என்னை வெளியேற்று என்ற வேண்டுதல்கூட இல்லை. செவிக்கும் கண்ணுக்கும் உடலுக்கும் இனிமையும் குளிர்மையும் தருவனவற்றை ஒவ்வொன்றாக அடுக்கி, இறைவனுடைய திருவடி நிழல் அவற்றைப் போன்றது என்று சொல்லி அமைந்துவிடுகின்றார். உடல் இருந்த இடம் சுண்ணாம்புக் காளவாய். உள்ளம் இருந்த இடம் திருவடி நிழல்.

அச்சத்தின் இரகசியம் இங்கே வெளியாகின்றது. ஆபத்தின் அளவு மாத்திரம் அச்சத்தின் அளவைத் தீர்மானிப்பதில்லை. மனம் எங்கே குடியிருக்கின்றது என்பதே பெரிதும் தீர்மானிக்கின்றது. சிறு காய்ச்சலுக்கு நடுங்குவாரும் உளர். பெருநோயின் நடுவே பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்வாரும் உளர். அச்சத்தோடு நேருக்கு நேர் மல்லாடி அதனை வெளியேற்றுதல் அரிது. மனத்துக்கு வேறோர் இருப்பிடத்தைப் பழக்கிக் கொடுத்தால், அச்சம் இருக்க இடமின்றித் தானே ஒதுங்கும்.

மறைக்காட்டில் நிகழ்ந்தது

இம்மட்டோடு வரலாறு முடிந்திருப்பின், அப்பர் நம்மால் எட்ட முடியாத உயரத்தில் நிற்பவர் என்று வணங்கிவிட்டு, நாம் நம் அச்சங்களோடு வீடு திரும்பியிருப்போம். ஆனால் பெரியபுராணம் வேறொரு நிகழ்ச்சியையும் கூறுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எதிரே, பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ளது வேதாரணியம். அதன் பழந்தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. அங்கே அப்பரும் திருஞானசம்பந்தரும் ஒருங்கே தங்கியிருந்தனர். ஒருவர் முதியவர், மற்றவர் பாலர். நாவுக்கரசருக்கு அப்பர் என்னும் பெயர் வந்ததே அப்பாலருடைய வாயினாலன்றோ! சீகாழியிலே முதன்முறை கண்டபோது, தந்தையே என்னும் பொருள்பட அவர் அழைத்த அழைப்பே நிலைத்த பெயராயிற்று.

அந்நாளில் பாண்டிய நாட்டிலிருந்து மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அனுப்பிய தூதர் வந்து, சம்பந்தப் பெருமானை மதுரைக்கு எழுந்தருளுமாறு வேண்டினர். சம்பந்தர் புறப்பட ஒருப்பட்டார். அப்போது, நீற்றறைக்கும் யானைக்கும் கடலுக்கும் அஞ்சாத அப்பர், அஞ்சினார்! எதிர்ப்பாரின் சூழ்ச்சிக்கு எல்லையில்லை என்பதைத் தாம் பட்டு அறிந்தவராதலின், அதனை எடுத்துச் சொல்லித் தடுத்தார். அதனோடு அமையாது, கோள்களின் நிலையும் நன்றாக இல்லை என்றார். பழைய சமயப் பூசல்களை இன்று கிளறுவது நம் கருத்தன்று. தமக்கென்று வந்தபோது நாளும் கோளும் பாராத ஒருவர், பிள்ளைக்கென்று வந்தபோது நாளும் கோளும் பார்த்தார் என்பதே நாம் கவனிக்கத் தக்கது.

இதிலே குறைகாண யாது உண்டு? அப்பர் என்னும் பெயருக்கு அன்றுதான் அவர் முழுப்பொருள் தந்தார் என்று நாம் எண்ணுகின்றோம். தன் துன்பத்தைத் தாங்கும் தோள்கள் பல உண்டு. தன் பிள்ளைக்கு வரக்கூடிய துன்பத்தை எண்ணிப் பார்க்கவும் தாங்காத நெஞ்சமே பெற்ற நெஞ்சம். அன்பு இருக்கும் இடத்தில் இவ்வச்சமும் இருக்கும். அது நம்பிக்கையின்மையாகாது.

அதற்குச் சம்பந்தர் அளித்த விடையே இரண்டாம் திருமுறையிலுள்ள கோளறு பதிகம். 11 பாடல்களைக் கொண்ட அப்பதிகத்திலே ஞாயிறு முதலிய கோள்களையும், தீய நாள்களையும், நோய்களையும், கொடிய விலங்குகளையும் பெயர் சொல்லிக் கூறி, இறைவன் தம் உள்ளத்திலே புகுந்து வீற்றிருப்பதனால் அவையெல்லாம் அடியார்க்கு நல்லனவே என்று உறுதி மொழிகின்றார். கோள்கள் இல்லையென்று அவர் வாதாடவில்லை. அப்பருடைய அச்சத்தை நகைக்கவுமில்லை. அச்சந்தரும் பொருள் ஒவ்வொன்றையும் இறைவனுக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றார். தனியே நின்றபோது பெரிதாகத் தோன்றியவை, அச்சந்நிதியிலே சிறுத்துப் போகின்றன.

அப்பர் இசைந்தார். ஆயினும் தாமும் உடன் வருவதாக எழுந்தார். அதனையும் சம்பந்தர் ஏற்கவில்லை. சோழ நாட்டிலேயே இருந்தருளுமாறு வேண்டினார். தந்தை கரையில் நிற்கப் பிள்ளை புறப்பட்டது. ஒரு பெரியவருக்கு இதனினும் கடினமான சோதனை உண்டோ? நீற்றறையிலே தம் உயிரை இறைவனிடம் ஒப்படைத்தவர், மறைக்காட்டிலே தம் பிள்ளையை ஒப்படைத்தார்.

அம்மாவின் முகம்

கல்லூரியில் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெருங்குங்கால் மாணவரினும் பெற்றோரே அதிகம் நடுங்குவர். சாத்திரியார் வீட்டுக்கும் கோயிலுக்குமாக நடப்பர், குறிப்பைக் கொண்டுபோய் மூன்று இடத்திற் காட்டுவர், நூல் கட்டுவிப்பர், நேர்த்தி வைப்பர். பிள்ளைமேல் உள்ள அன்பே இத்தனைக்கும் காரணம் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் அவ்வச்சம் பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்கின்றது?

நன்றாகப் படிக்கக்கூடிய மாணவன் ஒருவன் ஒருமுறை நம்மிடம் தனியே வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. பரீட்சையை எண்ணிப் பயமா என்று கேட்டோம். "இல்லை, சேர். சோதினைக்கு எனக்குப் பயமில்லை. அம்மாவின்ரை முகத்தைப் பாக்கத்தான் பயமாக் கிடக்கு" என்றான்.

பிள்ளைக்காக அஞ்சிய தாயின் அச்சம், அவள் அறியாமலே பிள்ளையின் தோளில் இறங்கிவிட்டது. அவன் இப்பொழுது இரண்டு சுமை சுமக்கின்றான். ஒன்று பாடம், மற்றொன்று தாயின் கலக்கம். பரீட்சை நாளில் அவன் மண்டபத்துள் கொண்டுபோவது எது? வீட்டிலே தினமும் கண்ட முகத்தையே. அம்முகம் அமைதியாயிருந்தால் அமைதியைக் கொண்டுபோவான். ஆகவே, பெற்றோர் இறைவனிடம் தம் அச்சத்தை இறக்கி வைத்தல் தம்பொருட்டு மாத்திரமன்று. பிள்ளையின் பொருட்டும் ஆகும்.

எரியும் அபயமும்

இவ்விடத்திலே நேர்மையுள்ள வாசகர் ஒரு வினாவை எழுப்புவர். நம்பினவர்க்குத் தீங்கு வராது என்பது உறுதியா? 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் தேதி கடல் பொங்கி வந்தபோது நம் நாட்டில் மாத்திரம் 30,000 பேருக்கு மேல் மாண்டனரே. அவர்களுள் காலையும் மாலையும் கைகூப்பியவர்கள் இல்லையா?

இருந்தார்கள். நம்பிக்கை குறைந்தமையால் அவர்கள் மாண்டார்கள் என்று எவரேனும் சொல்வாராயின் அது பெரும் பாவமான பேச்சு. இறைவன்மேல் வைக்கும் நம்பிக்கை துன்பம் வாராமைக்கு எழுதி வாங்கிய உறுதிச்சீட்டு அன்று. திலகவதியாருக்கு மணாளன் மீண்டு வரவில்லை. சம்பந்தரும் மதுரையிலே ஆபத்தின்றி இருந்துவிடவில்லை. அவர் தங்கியிருந்த திருமடத்துக்கு இரவிலே தீ வைத்தனர் என்று புராணம் கூறுகின்றது. அப்பருடைய அச்சம் வெறுங் கற்பனையாய் முடியவில்லை. அஞ்சியவாறே நெருப்பு வந்தது. வந்த நெருப்பு பிள்ளையை வெல்லவில்லை.

நடராசப் பெருமானுடைய திருவுருவை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். பொலனறுவையிற் கண்டெடுக்கப்பெற்றுக் கொழும்பு அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டுள்ள செப்புத் திருமேனிகளிலும் இதனைக் காணலாம். பின் இடக்கையில் எரியும் நெருப்பு; முன் வலக்கையில் அஞ்சேல் என்னும் அபயம். இரண்டும் ஒரே திருமேனியின் கைகள். நெருப்பை மறைத்து வைத்துவிட்டு அஞ்சாதே என்று அவர் சொல்லவில்லை. நெருப்பு உண்டு, அதனை ஏந்தியிருப்பவனும் நானே, ஆதலால் அஞ்சாதே என்பது அவ்வுருவின் குறிப்பாக நமக்குத் தோன்றுகின்றது. முன் இடக்கை தூக்கிய திருவடியைச் சுட்டி, ஓடிவந்து சேரவேண்டிய இடம் இது என்று காட்டுகின்றது. பருந்தின் நிழலைக் கண்ட குஞ்சுக்குச் சிறகு எப்படியோ, அப்படியே உயிர்களுக்கு அத்திருவடி.

இழப்பை அனுபவித்தவர்க்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: இறந்தவரை மீட்டுத் தர நம்மால் இயலாது. ஆயின் திலகவதியார் தம் துயரத்தோடு ஒரு தம்பியை வளர்த்தார். ஒரு கோயிலைப் பெருக்கினார். அவர் உயிர் தாங்கியிருந்தமையாலேதான் உலகுக்கு ஒரு நாவுக்கரசர் கிடைத்தார்.

வீட்டிலே செய்யத்தக்கன

இனி, நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை சில.

முதலாவது, மாலை விளக்கு. பொழுதுபட்டு விளக்கேற்றியதும், வீட்டில் உள்ளவர் யாவரும் பத்து நிமிடமேனும் சேர்ந்து இருத்தல். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அந்நேரம் ஓய்ந்திருக்கட்டும். ஒரு தேவாரத்தை அவசரமின்றிப் பொருளுணர்ந்து பாடுங்கள். நீட்டிப் பாடும்போது மூச்சு நீளும். மூச்சு நீளும்போது நெஞ்சின் படபடப்பு அடங்கும். இஃது உடல்நூலாரும் ஒப்பும் உண்மை. பாடி முடிந்தபின் சிறிது நேரம் பேசாதிருங்கள். சந்நிதி என்பது நாம் பேசும் இடம் மாத்திரமன்று. இருக்கும் இடமும் ஆகும்.

இரண்டாவது, அச்சத்தைப் பெயர் சொல்லி இறைவனிடம் கூறுதல். மங்கலாக இருக்கும் வரையிலேதான் அச்சம் பெரிதாகத் தோன்றும். இந்த நோய், இந்தக் கடன், இந்தப் பிள்ளை என்று தெளிவாகச் சொல்லி ஒப்படையுங்கள். பேரம் பேசாதீர்கள். நேர்த்தி நன்றியாக இருக்கலாம். விலையாக இருத்தல் கூடாது. இதனைத் தந்தால் அதனைத் தருவேன் என்பவர் உள்ளத்தில், தராவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் மறைந்தே இருக்கும்.

மூன்றாவது, செய்யவேண்டியதைச் செய்தல். நம்பிக்கை சோம்பலுக்குப் போர்வையாகலாகாது. நோய்க்கு வைத்தியரிடம் போதல் வேண்டும். கடல் பற்றிய எச்சரிக்கை வந்தால் மேட்டு நிலத்தை நோக்கி உடனே நடத்தல் வேண்டும். உயிரைக் காத்தலும் இறைவன் பணியே. மாணவர் படித்தபின் உறங்குதல் வேண்டும். வாரக்கணக்காக உறக்கமும் உணவும் இன்றி அச்சம் வாட்டுமாயின், அதுவும் ஒரு நோயென்று கொண்டு தகுந்த வைத்தியரை நாடுதல் இழுக்கன்று.

நான்காவது, பிள்ளைகளுக்குக் கடவுளைப் பூச்சாண்டியாகக் காட்டாதிருத்தல். சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, ஆபத்து வந்தபோது அச்சாமியிடம் எப்படி ஓடிப்போகும்? மணிவாசகப் பெருமான் தில்லையிலே அருளிய அச்சப்பத்தில், பிணி, இறப்பு, தீ, யானை, புலி, இடி, கூற்றுவனின் கோபம் ஆகிய எவற்றுக்கும் தாம் அஞ்சவில்லை என்று அடுக்கிச் செல்கின்றார். அவர் அஞ்சுவதாகச் சொல்வது, இறைவன்மேல் அன்பில்லாதவரைக் காண்பதற்கே. அன்பு வற்றிப்போகின்ற நிலை ஒன்றே அஞ்சத்தக்கது என்பது அதனால் நாம் கொள்ளும் பாடம். பிள்ளைக்கு நாம் ஊட்டவேண்டியதும் அவ்வன்பே.

ஐந்தாவது, பெறுபேறு வெளியாவதற்கு முன்னரே பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பெறுபேறு எதுவாயினும் இவ்வீட்டின் கதவு உனக்குத் திறந்தே இருக்கும். இச்சொல் நூறு அருச்சனைக்கு ஒப்பாகும். வீட்டில் அபயம் காணாத பிள்ளைக்குக் கோயிலின் அபயக்கரத்தைக் காட்டி விளங்க வைத்தல் கடினம்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. வினாத்தாளைக் கையில் வாங்கியவுடன் எழுத்துகள் கலங்கித் தோன்றினால், கண்களை மூடி ஐந்தெழுத்தை மெல்ல மூன்றுமுறை நினையுங்கள். படியாத விடையை இறைவன் வந்து எழுதித் தரமாட்டான். படித்த விடையை அச்சம் களவாடிப் போகாமல் அந்நினைவு காக்கும். வீட்டுக்கு வந்தபின், உங்களுக்காக அஞ்சியிருந்த தாய் தந்தையரிடம் முதலில் ஓர் இன்சொல் சொல்லுங்கள். அவர்களும் கரையிலே நின்றவர்களன்றோ!

மதுரையிலிருந்து சம்பந்தப் பெருமான் மீண்டு வந்தபோது, அப்பர் திருப்பூந்துருத்தியிலே திருமடம் அமைத்துத் தொண்டு செய்துகொண்டிருந்தார். பிள்ளையார் வருகின்றார் என்று கேட்டதும், எவரும் அறியாவண்ணம் கூட்டத்தினுள் புகுந்து, அவருடைய சிவிகையைச் சுமந்து வந்தோருள் தாமும் ஒருவராய்த் தோள் கொடுத்து நடந்தார். அப்பர் எங்கே இருக்கின்றார் என்று சம்பந்தர் மேலிருந்து வினவ, உம்மைத் தாங்கும் பேறுபெற்று இங்கே வருகின்றேன் என்று கீழிருந்து விடை வந்தது. பிள்ளையார் பதைத்து இறங்கி அவரை வணங்கினார். அப்பரும் அவரை வணங்கினார்.

போகவேண்டாம் என்று மறைக்காட்டிலே தடுத்த அதே பெரியவர்தாம் பூந்துருத்தியிலே சிவிகை தாங்கினார். இடையிலே அவர் அன்பு குறைந்துவிடவில்லை. பிள்ளையைப் பிடித்து நிறுத்த முயன்ற அன்பு, தாங்கிச் செல்லும் அன்பாக முதிர்ந்தது. நம் வீடுகளிலும் அவ்வாறே ஆகுக. அச்சத்தை இறைவன் திருவடியில் இறக்கி வைத்த தோள்களே பிள்ளைகளைச் சுமக்கும் வலிமை பெறும்.